கற்றல் மென்பொருளுக்கு யார் பணம்: மாநிலக் கணக்கா, 529ஆ, சொந்தப் பர்ஸா?

அமெரிக்காவில் சாண்ட்லர் (அரிசோனா), ஃப்ரிஸ்கோ (டெக்சஸ்), டாம்பா (ஃபுளோரிடா) பக்கம் வாழும் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: “ஐஎக்ஸ்எல், பீஸ்ட் அகாடமி மாதிரியான கற்றல் மென்பொருள் சந்தாவை மாநிலம் தரும் இ.எஸ்.ஏ. பணத்தில் கட்ட முடியுமா?” பல மாநிலங்களில் முடியும். இ.எஸ்.ஏ. என்பது பிள்ளையின் படிப்புச் செலவுக்காக மாநிலம் பணம் போடும் கணக்கு; கீழே மாநிலக் கணக்கு என்று சொல்வது இதைத்தான். ஆனால் அந்தப் பணத்தை வாங்க, பெரும்பாலும் பிள்ளையை அரசுப் பள்ளியிலிருந்து எடுத்துவிட வேண்டும். அதனால் எந்த மென்பொருளுக்கு அனுமதி உண்டு என்பதோடு, எதைக் கொடுத்து அந்த அனுமதியை வாங்குகிறோம் என்பதையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

விலையை முதலில் பார்ப்போம். ஐஎக்ஸ்எல்லின் முக்கியப் பாடங்கள் அனைத்துக்கும் சேர்த்து ஆண்டுச் சந்தா 150 டாலரை ஒட்டி வரும். பீஸ்ட் அகாடமி அதைவிடக் குறைவு. கான் அகாடமி இலவசம். இந்தத் தொகைக்காக மட்டும் ஒருவர் மாநிலக் கணக்குக்கு விண்ணப்பித்தால், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஏற்கெனவே தனியார் பள்ளியிலோ வீட்டிலோ பிள்ளையைப் படிக்க வைக்கும் குடும்பத்துக்குக் கணக்கு முற்றிலும் வேறு.

இருப்பதில் மிகத் தாராளமானது அரிசோனா. 2011ல் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்காகத் தொடங்கிய திட்டம் இது. எல்லோருக்கும் விரிக்கலாமா என்று 2018ல் வாக்கெடுப்பு வைத்தபோது மக்கள் தெளிவாக மறுத்தார்கள். 2022ல் சட்டமன்றம் எப்படியும் விரித்துவிட்டது. சாதாரணமாக ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 7,000 டாலருக்கு மேல் காலாண்டுத் தவணைகளாக வருகிறது. பாடத்திட்டம், ஆன்லைன் வகுப்பு மட்டுமல்ல, மடிக்கணினி, டேப்லெட், நுண்ணோக்கி, தொலைநோக்கிகூட வாங்கலாம். தொலைக்காட்சி, வீடியோ கேம் பெட்டி கூடாது.

பணம் கிளாஸ்வாலட் என்ற தளம் வழியாகப் போகிறது. அதன் சந்தையிலேயே மென்பொருள் இருந்தால் வேலை சுலபம். இல்லையென்றால் கையிலிருந்து கட்டிவிட்டு ரசீதோடு திரும்பக் கேட்க வேண்டும். விண்ணப்பங்கள் மலைபோல் குவிந்ததால், 2,000 டாலருக்குக் குறைவானவற்றைத் தானாகவே ஒப்புக்கொண்டு பிறகு தணிக்கை செய்வது என்று 2024 டிசம்பரில் கல்வித் துறை மாறியது. கேட்க வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘அனுமதி கிடைத்துவிட்டது’ என்பதற்கு அங்கே இப்போது பொருள் குறைவு. தணிக்கையில் தள்ளுபடியானால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியவர் பெற்றோர்தான். துணைப் பொருட்களைப் பாடத்திட்டத்தோடு இணைத்துக் காட்ட வேண்டும் என்று அதே ஆண்டு ஜூலையில் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் பிடித்த பிடியையும் மறக்கக் கூடாது. கணிதப் பாடத்திட்டமாகவே விற்கப்படும் மென்பொருளுக்குச் சிக்கலில்லை. விளையாட்டு வடிவச் செயலி என்றால், எந்தப் பாடத்துக்கு எந்த அலகுக்கு என்று ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

டெக்சஸ் நேர் எதிர். 2025 மே மாதம் கையெழுத்தான சட்டம் 100 கோடி டாலர் ஒதுக்கியிருக்கிறது; கணக்குகள் 2026–27 கல்வியாண்டு முதல். தனியார் பள்ளிப் பிள்ளைக்குச் சுமார் 10,000 டாலர், வீட்டில் படிப்பவருக்கு அதிகபட்சம் 2,000. இதில் முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. கணினிச் சாதனம், மென்பொருள் செலவு அந்த ஆண்டுத் தொகையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதுவும் கல்விச் சேவை தருபவர் தேவை என்று சொன்னால், அல்லது மருத்துவர் பரிந்துரைத்தால்தான். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு அது 200 டாலர், அவ்வளவுதான். ஆன்லைன் வகுப்புக் கட்டணமும் பாடப் பொருட்களும் தனித் தலைப்புகள். அவற்றுக்கு இந்த வரம்பு கிடையாது. ஆகவே ஒரே பொருள் ‘வகுப்பு’ என்று வருகிறதா ‘மென்பொருள்’ என்று வருகிறதா என்பதைப் பொறுத்து டெக்சஸில் முடிவு மாறலாம். வாங்குவதற்கு முன் விற்பவர் அதை எந்தத் தலைப்பில் பதிவு செய்திருக்கிறார் என்று பாருங்கள்.

ஃபுளோரிடா நடுவில் நிற்கிறது. 2023 சட்டத்தால் எல்லோருக்கும் திறந்தது. தொகை 8,000 டாலர் வாக்கில். பள்ளியில் முழுநேரம் சேராத பிள்ளைக்கு பெப் என்ற பிரிவு இருக்கிறது. அதில் பெற்றோர் ஆண்டுதோறும் கற்றல் திட்டம் எழுதித் தர வேண்டும், பிள்ளை தேசிய அளவிலான தேர்வு ஒன்றை எழுத வேண்டும். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. திட்டம் எழுதும்போதே எந்த மென்பொருள் எதற்கு என்ற கேள்விக்குப் பதில் வந்துவிடும். யூட்டாவில் 2025 ஏப்ரலில் மாவட்ட நீதிபதி ஒருவர் திட்டமே அரசமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தார். மேல்முறையீடு இருப்பதால் பணம் தொடர்ந்தது. அங்கே மூன்றாண்டுச் சந்தாவை மொத்தமாக வாங்க நான் தயங்குவேன். அயோவாவில் பணம் முதலில் தனியார் பள்ளிக் கட்டணத்துக்குத்தான் போகும், மிச்சம் இருந்தால் பார்க்கலாம்.

சிறப்புத் தேவையுள்ள பிள்ளை என்றால் நிதானமாக யோசிக்க வேண்டும். பேச்சு வராத குழந்தை படங்களைத் தொட்டுப் பேச உதவும் புரோலோகுவோ2கோ போன்ற செயலியே 250 டாலர் ஆகும், ஐபேட் தனி. சிறப்புத் தேவைக்கான மாநிலத் தொகை பெரிது. டெக்சஸில் 30,000 டாலர் வரை போகலாம். ஆனால் அரசுப் பள்ளியில் இருந்தால், ஐ.இ.பி.யில் (அந்தப் பிள்ளைக்கென்று பள்ளி எழுதும் தனிக் கல்வித் திட்டம்) எழுதப்பட்ட உதவிக் கருவியைச் செலவில்லாமல் தருவது பள்ளியின் கடமை. ஐடியா என்ற கூட்டாட்சிச் சட்டம் தரும் உரிமை அது. மாநிலக் கணக்கை எடுத்துக்கொண்டு வெளியேறினால் அந்த உரிமையை விட்டுவிடுகிறோம். பேச்சுப் பயிற்சி, தொழில்வழிச் சிகிச்சை எல்லாவற்றையும் சந்தை விலையில் வாங்கிப் பட்டியல் போட்டுப் பாருங்கள்; பெரிய தொகையும் சீக்கிரம் சிறுத்துவிடும். டெக்சஸில் அரசுப் பள்ளியிலேயே இருந்துகொண்டு சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைக்கு ஒருமுறை 1,500 டாலர் தரும் வேறொரு திட்டம் இருக்கிறது. பள்ளியை விடத் தேவையில்லை. இதைக் கேள்விப்படாமலே பெரிய கணக்கைத் துரத்துபவர்கள் உண்டு.

சரி, 529க்கு வருவோம். பிள்ளையின் படிப்புக்காகப் பெற்றோர் போடும் பணம் வரியில்லாமல் வளரும் சேமிப்புக் கணக்கு இது. 2025 ஜூலை 4ல் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம் இதன் வாசலை அகலமாகத் திறந்தது. அதற்கு முன் பள்ளிப் படிப்புக்குக் கட்டணம் மட்டும்தான் எடுக்கலாம். இப்போது பாடத்திட்டம், புத்தகம், ஆன்லைன் கல்விப் பொருட்கள், தகுதியுள்ள ஆசிரியரின் தனிப்பயிற்சி, தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்ந்துவிட்டன. ஆண்டு வரம்பு 2025 வரை 10,000 டாலர், 2026 முதல் 20,000. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் செல்லும் என்பதுதான் இதன் பெரிய பலம். யாரிடமும் முன் அனுமதி வேண்டாம், ரசீது இருந்தால் போதும். மடிக்கணினி பள்ளிப் பட்டியலில் இல்லை, கல்லூரிக்கு மட்டும்தான். பள்ளியில் சேர்ந்த பிள்ளை என்றே சட்டம் பேசுவதால் வீட்டில் படிப்பவர்கள் வரி ஆலோசகரைக் கேட்பது உசிதம். கலிஃபோர்னியா இதை ஏற்கவில்லை. அங்கே பள்ளிச் செலவுக்கு எடுத்தால் லாபத்துக்கு மாநில வரியோடு 2.5 சதவீத அபராதமும் உண்டு.

முடியும் என்பதால் எடுக்கத்தான் வேண்டுமா? 529ன் பயன் பல ஆண்டு வளர்ச்சிக்கு வரி இல்லை என்பது. இந்த மாதம் போட்டு அடுத்த மாதம் 150 டாலர் எடுத்தால் வளர்ச்சியே இல்லை. டெக்சஸ், ஃபுளோரிடாவில் மாநில வருமான வரியும் இல்லாததால் போடும்போதும் வரிக் கழிவு கிடையாது. பழைய பணத்தை எடுத்தால் கல்லூரிக்கு வளர வேண்டியது குறைகிறது. எந்தப் பக்கம் பார்த்தாலும் சின்னச் சந்தாவுக்கு இது தோதான இடமல்ல. வாரம் இருமுறை தனிப்பயிற்சி, தேர்வுக் கட்டணம் என்று ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் போகும் வீட்டில்தான் யோசிக்கலாம்.

கவர்டெல் என்று இன்னொரு சேமிப்புக் கணக்கும் இருக்கிறது. அதையும் இ.எஸ்.ஏ. என்றே சுருக்குவதால் குழப்பம் வரும். வேடிக்கை என்னவென்றால், பள்ளிப் பிள்ளையின் கணினி, இணையம், கல்வி மென்பொருள் மூன்றையும் வெளிப்படையாக அனுமதிப்பது இதுதான். ஆனால் ஆண்டுக்கு 2,000 டாலர்தான் போடலாம். தம்பதியரின் வருமானம் 2,20,000 டாலரைத் தொட்டால் அதுவும் இல்லை. இருவரும் ஐ.டி.யில் இருக்கும் வீடுகள் பல இங்கேயே கழன்றுகொள்ளும்.

அரசுப் பள்ளியில் பிள்ளை நன்றாகப் படிக்கிறது, கணிதத்துக்கு மட்டும் கூடுதல் பயிற்சி வேண்டும் என்றால் நான் சொந்தப் பணத்தில்தான் கட்டுவேன். அதற்கும் முன், பள்ளியே மாணவர்களுக்கு எடுத்து வைத்திருக்கும் சந்தா இருக்கிறதா என்று ஆசிரியரிடம் கேட்பேன். ஏற்கெனவே வீட்டில் படிக்க வைக்கும் அரிசோனாக் குடும்பம் மாநிலக் கணக்கைத் தாராளமாக எடுக்கலாம். ஆண்டுச் சந்தாவாக வாங்கி, ரசீதையும் பாட அலகையும் ஒரே கோப்பில் வைத்துவிடுங்கள். டெக்சஸில் வீட்டுக் கல்விக்காரர்கள் அந்த 2,000 டாலரில் பாடப் பொருட்களை முதலில் எடுத்துவிட்டு, 200 டாலர் வரம்பைக் கடைசியில் தொடலாம்.