கறிக்கோழிக்கு 3 வருஷமாக மூலிகைப் பொடி: என் அனுபவம்

பொங்கலூர் பக்கம் எங்கள் தோட்டத்தில் 3,000 குஞ்சு விடுகிற செட் ஒன்று இருக்கிறது. கம்பெனி ஒப்பந்தத்தில் வளர்ப்பவர்கள் தீவனத்தில் கை வைக்க முடியாது. நாங்கள் சொந்தக் காசில் குஞ்சு வாங்கி, மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் அரைத்து நாங்களே கலப்பதால், ஆன்டிபயாடிக் இல்லாமல் மூலிகையை வைத்து வளர்த்துப் பார்க்க முடிந்தது. பதினைந்து பேட்சுக்கு மேல் ஆகிவிட்டது.

முதலில் கடையில் விற்கிற, குடிதண்ணீரில் கலக்கிற மூலிகைத் திரவத்தில்தான் ஆரம்பித்தேன். எந்த மூலிகை எவ்வளவு என்று பாட்டிலில் ஒரு வரி கிடையாது. நாலாம் நாள் பார்த்தால் கோழி கொத்திக் குடிக்கிற குழாய் நிப்பிளில் பிசுபிசுவென்று படிந்து பாதி லைனில் தண்ணீர் வரவில்லை, சித்திரை வெயிலில் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. அன்றோடு அதை விட்டேன்.

அப்புறம் பொடிக்கு மாறினோம். 100 கிலோ தீவனத்துக்கு மஞ்சள் 500 கிராம், நிழலில் காயவைத்த கீழாநெல்லிப் பொடி 250 கிராம், மிளகு 20 கிராம். மஞ்சளை ஈரோட்டில் பாலிஷ் போடாத விரலியாக வாங்கி வீட்டிலேயே அரைக்கிறோம், ஏனென்றால் பளபளப்புக்குச் சாயம் ஏற்றின மஞ்சளில் ஈயம் கலந்திருக்கலாம். பொடியை அப்படியே கொட்டினால் ஒரே இடத்தில் தங்கிவிடும். 5 கிலோ தீவனத்தில் நன்றாகப் பிசறி, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருக்கிக் கலக்க வேண்டும்.

எடையில் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்காதீர்கள். 40ஆம் நாள் எடை ஏறக்குறைய பழைய எடைதான். மாற்றம் தெரிந்தது தரையில். முன்பெல்லாம் 3ஆம் வாரத்தில் தரையில் பரப்பின தேங்காய் மஞ்சி ஈரம் பிடித்து அடையாகக் கட்டிவிடும், விடியற்காலையில் படுதாவைத் தூக்கினதும் அம்மோனியா கண்ணை எரிக்கும். இப்போது ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துவிட்டு விரலைத் திறந்தால் பொலபொலவென்று உதிர்கிறது. எச்சம் கெட்டியாக, மேலே வெள்ளையாக விழுகிறது. பாதத்தில் புண் குறைந்திருக்கிறது. மஞ்சளின் முக்கியச் சத்தான குர்குமின் ரத்தத்தில் லேசில் சேராது, பெரும்பகுதி குடலிலேயே நின்றுவிடும். கோழிக்கு அது வேலை செய்ய வேண்டிய இடமும் குடல்தானே.

ஆனால் மக்காச்சோளத்தில் ஈரலைக் கெடுக்கிற பூஞ்சை நஞ்சு இருந்தால் கீழாநெல்லி காப்பாற்றிவிடும் என்று நம்பி இருந்துவிட முடியாது. மழைக்காலத்து லோடு என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு மாதிரி அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் இறக்குகிறேன்.

போன ஆடியில் ஒரு பெரிய தப்புச் செய்தேன். 24ஆம் நாள் மஞ்சியில் ரத்தத் துளி தெரிந்தது. மஞ்சளைக் கூட்டினால் சரியாகும் என்று 2 நாள் பொறுத்தேன். அடுத்த நாள் காலை 60 கோழி செத்துக் கிடந்தது. அறுத்துப் பார்த்தால் குடலின் கடைசியில் இருக்கிற இரண்டு பைகளும் வீங்கி, உள்ளே ரத்தம் கட்டியிருந்தது. ரத்தக் கழிச்சல். மருத்துவர் அதற்கான ஆம்ப்ரோலியம் மருந்தைத் தண்ணீரில் கொடுக்கச் சொன்னார், அதற்கப்புறம்தான் அடங்கியது. "மாப்ள, சும்மா கழியறதுக்கும் ரத்தமாக் கழியறதுக்கும் வித்தியாசம் தெரியாமயா கோழி வளக்கறீங்க?" என்று மாமா கேட்டது இன்னும் உறுத்துகிறது. தடுப்பூசியில் மட்டும் அந்தத் தப்பைச் செய்ததில்லை: 7ஆம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்கு லசோட்டா, 14ஆம் நாள் கம்போரோ நோய்க்கான தடுப்பூசி, இரண்டையும் பொடியை நம்பித் தள்ளிப்போட்டதே இல்லை.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கிறார்கள். வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் போடுவதை ஐரோப்பிய யூனியன் 2006லேயே நிறுத்திவிட்டது. இங்கே கோழிக்கும் கால்நடைக்கும் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் கொடுப்பதை 2019இல் தடை செய்தார்கள். வேறு எதுவும் கேட்காத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கிற மருந்து அது. அதற்கு முன்பு நாங்களே அதை வாங்கித் தீவனத்தில் கலந்திருக்கிறோம். என் மகள் சாப்பிடுவதும் இந்தச் செட்டுக் கோழியைத்தான்.

அடுத்த பேட்சில் செட்டின் நடுவே வலை கட்டி, ஒரு பக்கத்துக்கு மட்டும் ஓமம் சேர்க்கப் போகிறேன். இரண்டு பக்கத்து மஞ்சியையும் 21ஆம் நாள் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும்.