38,500 ரூபாயும் போச்சு, பிள்ளையின்ர தொண்டையும் வெந்து போச்சு

வார்ட்டில கட்டிலுக்குப் பக்கத்தில இருந்துதான் இதை எழுதுறன், எழுத்துப்பிழை இருந்தா விடுங்கோ. மகனுக்கு 1 வயசும் 8 மாசமும். போன கிழமை கலர் லைற் றிமோட்டை நிலத்தில அடிச்சு, உள்ளுக்க இருந்த, சில்லறைக் காசு மாதிரி வட்டப் பற்றறியை விழுங்கிட்டான். நான் குசினியில. ஓடிவந்து பாத்தா வீணீர் வடியுது, அழக்கூட ஏலாமல் ஏங்கிறான்.

கிட்ட எண்டு ரவுனில ஒரு தனியார் மெடிக்கல் சென்ரருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினம். (பேர் வேண்டாம், கண்ணாடிக் கதவும் ஏசியும் உள்ள இடம்.) எக்ஸ்ரேயில நெஞ்சுக்கு மேல வட்டமா ஒண்டு. "சில்லறைக் காசு தான் அக்கா" எண்டினம். பற்றறி இல்லாத றிமோட்டைக் காட்டினன், அதை ஆரும் கையில வாங்கிக்கூடப் பாக்கேல்லை. 4 மணிக்கு ஸ்பெஷலிஸ்ட் வருவாராம், கமரா விட்டு எடுப்பாராம், அட்வான்ஸ் கட்டினா முதல் நம்பராம். கவுண்டரில நிண்ட தம்பி பிள்ளையின்ர தலையைத் தடவி "எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரிப் பாப்பம், பயப்பிடாதேங்கோ" எண்டான். அதிலதான் விழுந்தன். நெல்லு வித்த காசு, 38,500 எண்ணிக் குடுத்தன்.

1 மணிக்கு இருந்தனாங்கள். 4 மணி ஆச்சு, நாலரை ஆச்சு, பிள்ளையின்ர சட்டையில வீணீரோட கறுப்பா ஏதோ ஒட்டியிருக்கு, அதைக் காட்டினா "சேர் இண்டைக்கு வரேல்லை, நாளைக்கு வாங்கோ" எண்டினம் பாருங்கோ!

1990 அம்புலன்ஸ் நம்பருக்கு அடிச்சம். காசும் வாங்கேல்லை. அரசாங்க ஆஸ்பத்திரி டொக்டர் அதே எக்ஸ்ரேயை வெளிச்சத்தில பிடிச்ச உடனயே "ஓரத்தில ரெண்டு வளையம் தெரியுது, பற்றறியம்மா, ஆர் காசெண்டது?" எண்டு கேட்டார். ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணம், இரவோட இரவா எண்டோஸ்கோப்பி, கமராக் குழாய் விட்டுப் பற்றறியை எடுத்தவை. ஈரத்தில பற்றறியின்ர மைனஸ் பக்கம் காரம் உண்டாகுமாம், காஸ்டிக் சோடா மாதிரிச் சதையைக் கரைக்குமாம், 2 மணித்தியாலமே போதுமாம். என்ர பிள்ளை அந்தக் கதிரையில மூண்டரை மணித்தியாலம். இப்ப மூக்கால ரியூப் போட்டுப் பால் போகுது. ஆறேக்க உணவுக்குழாய் சுருங்கினா பிறகு விரிச்சு விரிச்சு விடவேணும் எண்டு சொல்லியிருக்கினம்.

காசைக் கேட்டா, முதல் நாள் "மனேஜர் லீவு". அடுத்த நாள் "கம்பியூட்டரில ஏத்தியாச்சு, திருப்ப ஏலாது". மூண்டாம் நாள் "எக்ஸ்ரே எடுத்தனீங்கள்தானே". எக்ஸ்ரேக்கு 38,500ஆ? இப்ப வட்ஸ்அப்பில நீலச் சரி விழுது, பதில் இல்லை. அந்தத் தம்பி நம்பரையே புளொக் பண்ணிட்டான்.

என்னென்ன செய்யவேணும் எண்டு வடிவா எழுத நினைச்சன், நேரமில்லை. பற்றறி எண்டு சந்தேகம் வந்தாலே 1990, நேர பெரிய ஆஸ்பத்திரி. சத்தி எடுக்க வைக்காதேங்கோ, சாப்பாடு குடுக்காதேங்கோ. 1 வயசுக்கு மேல, விழுங்கக்கூடிய பிள்ளை எண்டா போற வழியில 10 நிமிசத்துக்கு ஒருக்கா 2 தேக்கரண்டி தேன், 6 தரத்துக்கு மேல வேண்டாம், அதுக்காக வழியில நிக்கவும் வேண்டாம். வன்னியில தேனுக்கென்ன பஞ்சம், எங்கட அலுமாரியில ஒரு போத்தில் காட்டுத்தேன் அப்பிடியே இருந்தது, ஒருத்தரும் சொல்லேல்லையே. செத்த பற்றறியும் சுடும். பற்றறி எடுத்துக் கிழமைக்கணக்கானாலும் ரத்தமாச் சத்தி எடுத்தா ஓடுங்கோ. ஆணி பூட்டாத மூடியுள்ள றிமோட், விளையாட்டுச் சாமான் ஒண்டும் வீட்டில வைக்காதேங்கோ.

ரிசீற் என்னட்ட இருக்கு. 38,500.