வீட்டுப் பூனையிடம் புதுப் பூனையைச் சேர்ப்பது: தனியறையா, வலைக்கதவா, கூண்டா, நேரடியாகவா?

வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனை இருக்க, இன்னொன்றைக் கொண்டுவருபவர்களுக்கு நான்கு விதமான யோசனைகள் வந்து சேரும். கூடையைத் திறந்துவிடு, தானாகப் பழகிக்கொள்ளும் என்பார்கள். தனியறையில் அடைத்து வை என்பார்கள். கூண்டில் வைத்து ஹாலில் காட்டு என்பவர்களும், கம்பிக் கதவுக்கு இரண்டு பக்கமும் விடு என்பவர்களும் உண்டு. இந்த நான்கையும் எடைபோட ஒரு கேள்வி போதும்: மிரண்ட பூனை மற்றதன் கண்ணில் படாத இடத்துக்குப் போய்விட முடிகிறதா?

சண்டை போட்ட பின் சமாதானமாகும் வழக்கம் பூனைகளிடம் மிகக் குறைவு. ஒதுங்கியும் தூரத்தைக் காத்தும்தான் அவை சண்டையைத் தவிர்க்கின்றன. அதனால் அடிபடாமல் காப்பது மட்டும் போதாது, விலக வழியும் வேண்டும். இன்னொன்று, யார் நம்மவர் என்று பூனை முதலில் முடிவு செய்வது மூக்கால். கன்னத்தையும் மோவாயையும் நாற்காலிக் காலில் உரசி, தன் மணத்தை வீடெங்கும் பூசி வைத்திருக்கிறது. அந்த மணம் இல்லாத ஒன்று திடீரென்று கண்ணில் பட்டால், அது அந்நியன்தான்.

நேரடியாக விடுவது

முற்றமும் ஓட்டுக்கூரையும் கொல்லைப்புறமும் இருந்த வீடுகளில் இது ஓரளவு நடந்தது. பிடிக்காத பூனை கூரையேறிப் போய்விடும், பசித்தால் வரும். இரண்டாம் மாடி ஃபிளாட்டில் அந்தக் கூரை இல்லை. சோபாவுக்கு அடியில் நுழைந்தாலும் மற்றது வாசலில் உட்கார்ந்து காவல் காக்கும். கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், முதல் சந்திப்பே பகையாக அமைந்த வீடுகளில் பிறகும் சண்டை தொடர்வது அதிகம் என்று தெரிந்தது. முதல் ஐந்து நிமிடத்தில் கெடுப்பதைச் சரிசெய்ய மாதங்கள் ஆகலாம்.

நோய்க் கணக்கிலும் இந்த வழி தோற்கிறது. பூனைகளைத் தாக்கும் பார்வோ வகை வைரஸ் (பேன்லூகோபீனியா) தொட்ட இடத்தில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தெருவிலிருந்து எடுத்த குட்டி நன்றாக விளையாடிக்கொண்டே அதைச் சுமந்து வரலாம். பூனையின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் எஃப்.ஐ.வி. வைரஸ் பெரும்பாலும் கடியால் பரவுகிறது, ரத்தப் புற்றுநோய் வரை கொண்டுபோகக்கூடிய லுகேமியா வைரஸ் எச்சில் வழியே, ஒரே தட்டில் தின்பதாலும் ஒன்றையொன்று நக்குவதாலும் பரவுகிறது. மூன்று மாதக் குட்டி, சாதுவான மூத்த பூனை என்றால் நேரடியாக விட்டும் தப்பித்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் இந்தத் தொற்றுகளுக்காகவே முதல் இரண்டு வாரம் பிரித்து வைத்தாக வேண்டும். அந்த இரண்டு வாரத்தைப் பழக்கவும் பயன்படுத்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

தனியறை

எங்கள் தேர்வு இதுவே, ஆனால் பலர் இதைப் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். கதவைச் சாத்தி இரண்டு வாரம் காத்திருந்து, பிறகு திறந்துவிட்டால் அது நேரடி முறையேதான், தேதி மட்டும் தள்ளிப்போயிருக்கும். கதவு சாத்தியிருக்கும் நாட்களில் வேலை நடக்க வேண்டும்.

புதுப் பூனையின் அறையில் மணல் தட்டு ஒரு மூலையில், சாப்பாடும் தண்ணீரும் எதிர் மூலையில், ஒளிந்துகொள்ள இரண்டு வாசல் வெட்டிய அட்டைப்பெட்டி ஒன்று, ஏறி உட்கார உயரமான இடம் ஒன்று. தட்டும் கிண்ணமும் இரண்டு பூனைக்கும் பொதுவாக இருக்கக் கூடாது. புதியதைத் தொட்டபின் கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அறைக்கென்று ஒரு செருப்பும் பழைய சட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். தரையைத் துடைக்க ஃபினாயில் வேண்டாம். அதிலுள்ள பீனால் வகைப் பொருள்களை உடைத்து வெளியேற்றப் பூனையின் கல்லீரலுக்குத் திறன் குறைவு, பாதத்தில் ஒட்டியதை அது நக்கித் தின்றுவிடும். சோப்புத் தண்ணீரால் அழுக்கை எடுத்த பிறகு, லிட்டருக்கு 30 மில்லி வீட்டு பிளீச் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு அலசினால் அந்தப் பார்வோ வைரஸும் சாகும். அப்போது பூனை அந்த இடத்தில் இருக்கக் கூடாது. பிளீச்சோடு ஆசிட்டையோ வேறு எந்தக் கழுவியையோ கலக்காதீர்கள்.

இந்த நாட்களுக்குள் மருத்துவரிடம் காட்டி எஃப்.ஐ.வி., லுகேமியா சோதனை, குடற்புழு மருந்து, தடுப்பூசி எல்லாம் முடியட்டும். தொற்றிய புதிதில் லுகேமியா சோதனையில் தெரியாமல் போகலாம், மறுசோதனை எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

புதியது ஒளிவதை விட்டு ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்ததும் மணப் பரிமாற்றம். சுத்தமான பருத்தித் துணி ஒன்றால் புதியதன் கன்னத்தையும் மோவாயையும் தடவி, மூத்ததன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து இரண்டு மூன்றடி தள்ளிப் போடுங்கள். மூத்ததன் துணி அந்த அறைக்குள். படுக்கையில் போடாதீர்கள், மற்றதன் உடம்பில் தேய்க்கவும் கூடாது; பிடிக்காவிட்டால் விட்டுப் போகும் உரிமை அதற்கு வேண்டும். சீறினால் துணியை இன்னும் தள்ளி வையுங்கள். முகர்ந்துவிட்டு அலட்சியமாகச் சாப்பிடப் போனால் அதுதான் பச்சைக்கொடி. அடுத்து, அந்த இரண்டு வாரம் முடிந்த பிறகு, இடமாற்றம்: மூத்ததை அந்த அறைக்குள் விட்டு, புதியதை அரைமணி நேரம் வீட்டைச் சுற்ற விடுவது. இந்தப் படியைச் செய்யாமல் விடுபவர்களே அதிகம், ஆனால் வீடு முழுக்க இரண்டின் மணமும் கலப்பது இதில்தான்.

கூடவே, மூடிய கதவுக்கு இருபுறமும் சாப்பாடு. எந்நேரமும் தட்டில் உலர் தீனி கிடந்தால் இது பலிக்காது, வேளைக்கு வைத்துப் பழக்குங்கள். உப்பு, வெங்காயம், பூண்டு சேராத வேகவைத்த கோழி நல்ல லஞ்சம். கதவிலிருந்து ஆறடியில் தொடங்கி, நிதானமாகச் சாப்பிட்டால் மட்டும் அடுத்த வேளைக்கு ஒரு அடி முன்னே.

வலைக்கதவு

தனியறைக்கு மாற்றாக இதைச் சொல்பவர்கள் உண்டு. எங்களுக்கு இது தனியறைக்கு அடுத்த படி. மணம் பழகுவதற்கு முன்பே வலையை வைத்தால், நாள் முழுக்க இரண்டும் முறைத்துக்கொண்டே இருக்கும். கண்சிமிட்டாத அந்த முறைப்பே சண்டையின் தொடக்கம்.

நைலான் கொசுவலை ஒரே பிறாண்டலில் கிழியும், வெல்க்ரோவில் ஒட்டியது முழுதாகவே விழும். சட்டத்தில் அறைந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை தாங்கும். இரும்பு கிரில் கதவு இருந்தால் அதுவே போதும், குட்டி நுழையாதபடி கீழ்ப்பகுதியில் கம்பிவலை கட்டுங்கள். குழந்தைகளுக்கான தடுப்புக் கதவை வளர்ந்த பூனை ஓடிவராமலே தாண்டும், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வேண்டும்.

எதை வைத்தாலும் அடியிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு அட்டையால் மறையுங்கள். விலகிப் போகாமலே பார்வையைத் தவிர்க்க அது வழி தரும். முதல் நாட்களில் சாப்பிடும் மூன்று நான்கு நிமிடம் மட்டும் பார்க்கட்டும், தட்டு காலியாகும் முன் கதவைச் சாத்திவிடுங்கள். ஒருமுறை சீறிவிட்டுத் திரும்பிக்கொண்டால் கவலையில்லை. சாப்பாட்டை விட்டு வலையை நோக்கிப் பாய்ந்தால் ஒரு படி பின்னே போங்கள்.

கூண்டு

ஒரே அறையுள்ள வீட்டில் வேறு வழியில்லை என்று கூண்டுக்குப் போகிறார்கள். தொடக்கத்தில் கேட்ட கேள்வியை இங்கே வைத்துப் பாருங்கள்: கூண்டுக்குள் இருப்பது எங்கும் போக முடியாது. வெளியே உள்ளது சுற்றிச் சுற்றி வரும், மேலே ஏறி உட்காரும். உள்ளே இருப்பது அசையாமல் சுருண்டு கிடந்தால் சமாதானமாகிவிட்டது என்று நினைக்கிறோம். விரிந்த கண்மணியும் உடலோடு ஒட்டிய வாலும் அது பயத்தில் உறைந்திருப்பதைச் சொல்லும்.

இடமே இல்லை என்றால், இரண்டு மூன்று அடுக்குள்ள உயரமான கூண்டு, மூன்று பக்கமும் கெட்டித் துணி மூடல், உள்ளே ஒளிய ஒரு பெட்டி. அதுவும் ஹால் நடுவில் அல்ல, அடுப்படி அல்லது ஈரமில்லாத குளியலறையில், கதவைச் சாத்தி. வலையில்லாத பால்கனியில் எந்தப் பூனையையும் அடைக்காதீர்கள். மூத்த பூனையைக் கூண்டில் போட்டுப் புதியதை வீட்டில் விடுவது எந்த நிலையிலும் வேண்டாம். தன் வீட்டிலேயே அது சிறைப்பட்டு நிற்கும்.

தடுப்பை எடுக்கும்போது

இரண்டும் கருத்தடை ஆகாமல் எந்த முறையும் முழுதாகப் பலிக்காது. கடுவனுக்கு அறுவை முடிந்த பிறகும் ஹார்மோன் அடங்கச் சில வாரம் பிடிக்கும். சண்டை மட்டுமல்ல, கருத்தரிப்பு அபாயமும் அதுவரை உண்டு. மணல் தட்டு பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக, ஒரே வரிசையில் அல்லாமல் வெவ்வேறு இடங்களில்.

முதல் சந்திப்பு பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். சத்தமில்லாமல் மாறி மாறிக் கீழே புரண்டால் விளையாட்டு. காது பின்னே படுத்து, உறுமல் நீண்டு, ஒன்றே எப்போதும் துரத்தினால் சண்டை. நடுவில் கையை விடாதீர்கள், பெரிய அட்டையையோ தலையணையையோ இடையில் செருகிப் பிரித்துவிடுங்கள். மிரண்ட பூனை கோபத்தை உங்கள்மீதோ மற்றதன்மீதோ மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் திருப்பும். இருட்டறையில் தனியே விடுங்கள், சமாதானப்படுத்தத் தூக்க வேண்டாம். கடித்தாலோ பிறாண்டி ரத்தம் வந்தாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ரேபிஸ் தடுப்பூசிக்குப் போங்கள்.

சத்தமில்லாத பகை கண்ணுக்குத் தப்பும். மணல் தட்டுக்குப் போகும் வழியில் ஒன்று தினமும் படுத்திருந்தால் அது மறியல். ஒடுங்கிய பூனை ஒரு நாளுக்கு மேல் சாப்பிடவில்லை என்றால் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்; குண்டான பூனை பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். கடுவன் மணல் தட்டில் முக்கி முக்கி உட்கார்ந்து சிறுநீர் வரவில்லை என்றால் விடியும்வரை கூடக் காத்திருக்க வேண்டாம்.