கேரள லாட்டரி: தமிழ்நாட்டிலிருந்து போய் வாங்குபவர்களுக்கு

குலுக்கலில் குறை சொல்ல எதுவுமில்லை. தினமும் பிற்பகல் 3 மணிக்குத் திருவனந்தபுரம் கோர்க்கி பவனில் எல்லோர் முன்னிலையிலும் நடக்கிறது. கிழமைக்கு ஒன்றாக வரும் வார டிக்கெட் 50 ரூபாய், முதல் பரிசு 1 கோடி.

முடிவு பார்க்கும்போது சீரிஸையும் பாருங்கள். ஆறு இலக்கமும் பொருந்தி, முன்னால் உள்ள இரண்டு எழுத்து மாறியிருந்தால் ஆறுதல் பரிசு 5,000 மட்டும்தான். சின்னப் பரிசுகளுக்குக் கடைசி நான்கு இலக்கம் போதும். டிக்கெட்டை வாங்கியதுமே பின்பக்கத்தில் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். கிழியவோ நனையவோ விடக்கூடாது.

எங்கே வாங்குகிறோம் என்பதுதான் முக்கியம். 1998 மத்திய லாட்டரிச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, வெளிமாநில டிக்கெட் விற்பனையைத் தடுக்கும் அதிகாரத்தை மாநிலத்துக்குத் தருகிறது. ஆனால் சொந்த லாட்டரியை நடத்திக்கொண்டு அடுத்தவரை மட்டும் தடுக்க முடியாது என்று 1999இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2003 ஜனவரியில் தமிழ்நாடு தன் லாட்டரியையும் சேர்த்தே மூடியது. ஆகவே கோவையில் யாராவது கையில் வைத்து விற்றால், டிக்கெட் அசலாக இருந்தாலும் விற்பனை சட்டவிரோதம். கேரள எல்லையிலுள்ள வாளையாரைத் தாண்டி, ஏஜென்ட் கடையில் முத்திரையோடு வாங்குங்கள். 2023 திருவோணம் பம்பர் என்ற ஓணச் சிறப்புக் குலுக்கலில் 25 கோடி வென்ற திருப்பூர்க்காரர்களின் டிக்கெட் மீதே, தமிழ்நாட்டில் கள்ளத்தனமாக விற்றது என்று புகார் கிளம்பியது.

பரிசு வாங்குவதுதான் அலைச்சல். 30 நாள் கெடு. 5,000 வரை கேரளத்தில் எந்த லாட்டரிக் கடையிலும் தருவார்கள். அதற்கு மேல் லாட்டரி அலுவலகம். பான், ஆதார், வங்கிக் கணக்கு விவரம் வேண்டும். வெளிமாநிலத்தார் நோட்டரி சான்றையும் சேர்த்தே கொண்டுபோனால் இரண்டாவது நடை மிச்சம். 25 கோடி என்றால் ஏஜென்ட் கமிஷன் 10 சதவீதம் போய் 22.5 கோடி, அதில் 30 சதவீத வரி பிடித்தம் போக 15.75 கோடி. வரிக்கு மேல் வரும் கூடுதல் வரிகளான சர்சார்ஜும் செஸ்ஸும் பிறகு நாமே கட்ட வேண்டும். இதைத் தெரியாமல் வீடு பேசி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

கேரள முடிவின் கடைசி மூன்று இலக்கத்தை வைத்து இங்கே நடக்கும் ‘மூணு நம்பர்’ லாட்டரிக்கும் அந்த அரசுக்கும் சம்பந்தமே இல்லை. அதை வாங்குபவருக்கும் இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. கேரள லாட்டரித் துறை ஆன்லைனிலும் விற்பதில்லை. வாட்ஸ்அப்பில் வரும் டிக்கெட் படத்துக்குப் பணம் அனுப்பாதீர்கள். பரிசு விழுந்தால் அலுவலகத்தில் கேட்பது அசல் காகிதத்தை.