வீட்டுப் பராமரிப்பு: எல்லாருக்கும் ஒரே மணிநேரமா, தேவைப்படியா?

அரச செலவில் முதியவர்களைப் பராமரிக்க வீட்டுக்கு ஆள் அனுப்புவதென்றால் மணிநேரத்தை எப்படிப் பிரிப்பது? யாழ்ப்பாணத்தில் கேட்டால் ஆளுக்கொரு நியாயம்.

செலவு
சமமாக: எவ்வளவு செலவாகும் என்று முதலே தெரியும்.
தேவைப்படி: மதிப்பிட வருபவருக்கும் சம்பளம் வேண்டும்.

இலகு
சமமாக: கிராம அலுவலரின் பட்டியலே போதும்.
தேவைப்படி: படிவம், புள்ளி, மேன்முறையீடு. 2023இல் அஸ்வெசும என்ற அரச நிவாரணக் கொடுப்பனவுக்கான பட்டியல் வந்தபோது மேன்முறையீடுகள் குவிந்ததை எல்லாரும் பார்த்தோம்தானே.

நியாயம்
சமமாக: சைக்கிளில் சந்தைக்குப் போய்வருபவருக்கும், படுக்கையில் புரட்டிவிட வேண்டியவருக்கும் கிழமைக்கு ஒரே நாலு மணி. பெயருக்குத்தான் சமம்.
தேவைப்படி: இதுதான் சரி, ஆனால் ஓட்டை இருக்கிறது. அதிகாரி வருகிற அன்று ஆச்சி நல்ல சேலை உடுத்து, பவுடரும் பூசி, "எனக்கென்ன குறை, கிணத்தடிக்கு நானே போவன்" என்பார். பின்னால் நிற்கும் மகள் கண்ணைக் காட்டியும் பிரயோசனமில்லை, புள்ளி குறைந்துவிடும்.

பிள்ளைகள் கனடாவில் என்றால் மணியைக் குறைக்கலாமா? காசு அனுப்புகிறவரால் குளிப்பாட்ட முடியாதே. இங்கிலாந்தின் 2014 பராமரிப்புச் சட்டப்படி, தகுதியைப் பார்க்கும்போது வீட்டார் உதவுவதைக் கணக்கில் எடுப்பதில்லை. அவர்கள் விரும்பிச் செய்கிற வேலையைப் பிறகுதான் கழிக்கிறார்கள். எனக்கு இந்த ஒழுங்கு பிடித்திருக்கிறது.

துணைக்கு ஆளில்லாமல் தனியே இருப்பவர்களை எட்டிப் பார்க்கத்தான் திட்டம், காசும் ஆளும் குறைவு என்றால் சமப் பங்கு போதும். படுக்கையில் கிடப்பவர், மறதி நோயாளர் என்றால் தேவைப்படிதான், அதுவும் தினமும் பார்க்கிறவரைத் தனியாகக் கேட்டுவிட்டுப் புள்ளி போட வேண்டும்.