திருச்செந்தூர் ரயில்பாதை ஓரம் நடைபாதை: பிரீகாஸ்ட் சுவரா, கம்பிவலையா?

பாதயாத்திரைக் கூட்டம் ராத்திரியில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஒதுங்கி ஒதுங்கித்தான் திருச்செந்தூர் போய்ச் சேருகிறது. ரயில்பாதையோ செய்துங்கநல்லூர், ஆழ்வார்திருநகரி, நாசரேத் என்று ஊர்களைத் தொட்டே போகிறது. அதன் ஓரமாக நடக்கவும் சைக்கிள் மிதிக்கவும் 3 மீட்டர் அகலத்தில் ஒரு பாதை போடலாம். பாஸ்டன் அருகே சோமர்வில்லில் இலகு ரயில்தடத்தை ஒட்டியே அப்படியொரு பாதை 2023-ல் திறக்கப்பட்டது. இங்கே போடுவதென்றால் ரயில்வே அனுமதிக்கு அடுத்து முடிவு செய்ய வேண்டியது, தண்டவாளத்துக்கும் பாதைக்கும் நடுவில் நிற்கப்போகும் தடுப்பு.

அதற்குமுன் இடம். ரயில் கரையின், அதாவது தண்டவாளம் கிடக்கும் மண்மேட்டின், மேல்பரப்பில் பாதைக்கு இடமில்லை. கரை 2 மீட்டர் உயரம், சரிவு 2-க்கு 1 என்றால், சரிவு மட்டுமே 4 மீட்டர் தரையைப் பிடிக்கும். பாதை அதற்கும் வெளியேதான். அங்கே பெரும்பாலும் பழைய மண் எடுத்த பள்ளம் கிடக்கும். கிராவலை 20 செ.மீ. அடுக்காகக் கொட்டி, நனைத்து, ரோலர் விட வேண்டும். மொத்தமாகக் கொட்டி மூடினால் ஐப்பசி மழையிலேயே தளம் உட்கார்ந்துவிடும்.

முன்பே வார்த்த கான்கிரீட் பலகைகளைச் செருகிக் கட்டும் பிரீகாஸ்ட் சுவர் சீக்கிரம் நிற்கும், ஆடுமாடு புகாது, ரயில் காற்றும் தூசியும் குறையும். ஆனால் வெள்ளம் பாயும் இந்தப் பகுதியில் அது ஓர் அணைக்கட்டு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் சல்லி அரித்துப்போய் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூற்றுக்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். கரைக்கு இணையாக இன்னொரு சுவர் எழுப்பினால் தண்ணீர் நடுவில் தேங்கி, கரையின் அடிவாரத்தையே கரைக்கும். கரைக்கு அடியில் தண்ணீர் போகும் சிறுபாலமான ரயில்வே கல்வெர்ட் ஒவ்வொன்றுக்கும் நேராக, அதே அகலத்தில், பாதைக்கு அடியிலும் திறப்பு வேண்டும். குழாய் ஒன்றைப் புதைத்துவிட்டால் போதும் என்பது ஏமாற்று. வாழைச்சருகும் அமலைச் செடியும் (ஆகாயத்தாமரை) ஒரே நாளில் அடைத்துவிடும்.

கம்பிவலை தண்ணீரை விடும், பார்வையையும் மறைக்காது. இருட்டிய பிறகு தனியாக வருகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். 1.8 மீட்டர் உயரம், 2.5 மீட்டருக்கு ஒரு தூண், 60 செ.மீ. ஆழக் குழியில் கான்கிரீட். பலவீனம் இரண்டு. தடத்தில் 25,000 வோல்ட் மின்கம்பி ஓடுவதால், இணையாக நீளும் வலையில் தூண்டல் மின்னழுத்தம் (கம்பியைத் தொடாமலே ஏறும் மின்சாரம்) ஏறும். வலையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் எர்த்திங் கொடுக்க வேண்டும். இன்னொன்று துரு. ஆறுமுகநேரி உப்பளக் காற்றில் துத்தநாகம் பூசிய சாதாரண ஜிஐ கம்பி நிலைக்காது. பிவிசி பூசிய வலையும் நம்மூர்க் கல்தூணும் தாங்கும். கூடுதல் செலவுதான், ஆனாலும் நம் ஓட்டு வலைக்கே.

தளத்தில் தார் வேண்டாம், வெறுங்காலில் வருகிறவர்கள் வெயிலில் துடிப்பார்கள். பேவர் பிளாக் அடிமண் இறங்கினால் சைக்கிளைத் தட்டிவிடும். 10 செ.மீ. கனத்தில் எம்-20 தரக் கான்கிரீட், கண்டபடி விரிசல் விழாமலிருக்க 3 மீட்டருக்கு ஒரு வெட்டு. பராமரிப்பு டிராக்டர் வரும் இடத்தில் 15 செ.மீ.

எந்தத் தடுப்பானாலும், தண்டவாளத்தைத் தாண்டி வயலுக்குப் போகிற ஒற்றையடித் தடங்களை முன்கூட்டியே கணக்கெடுத்து, அந்த நடமாட்டத்தைப் பாதை வழியாகவே பக்கத்து ரயில்வே கேட்டுக்கோ சுரங்கப்பாதைக்கோ கொண்டுபோக வேண்டும். அது ரொம்பத் தூரமாக இருந்தால் ஒரே வாரத்தில் வலையில் ஆள் நுழையும் ஓட்டை விழும்; சுவரானால் ஒரு பலகையே காணாமல் போகும்.