அட்சரகணிதத்திற்குத் திரும்பும் ஆசிரியருக்கு 10ஆம், 11ஆம் தர அரச பாடநூல்கள்: ஒரு மதிப்பீடு

கிளிநொச்சிக்கு அண்மையில் இயங்கிய ஒரு தனியார் கல்வி நிலையத்தில் 2007ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இருபடிச் சமன்பாடுகளைக் கற்பித்ததே நான் கடைசியாக எடுத்த கணித வகுப்பு. அடுத்த ஆண்டு இடம்பெயர்ந்தோம். திரும்பி வந்த பின்னர் கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. அங்கே கூட்டலும் கழித்தலும் வட்டியும் இருந்தனவே ஒழிய, தெரியாக்கணியம் என்று ஒன்று இருந்ததில்லை. இப்போது எங்கள் ஒழுங்கைக்கு, தமிழ்நாட்டு முகாமொன்றில் பல ஆண்டுகள் வாழ்ந்துவிட்டுத் திரும்பிய குடும்பமொன்று குடிவந்திருக்கிறது. அவர்களுடைய மகனுக்குப் பதினாறு வயது, மகளுக்குப் பதினைந்து. பாடசாலையில் சேர்ந்தால் கீழ் வகுப்பிலேயே இருக்க வேண்டிவரும் என்பதால், இருவரையும் வீட்டில் வைத்தே படிப்பித்து, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்திகளாகத் தோற்றச் செய்வதென்று பெற்றோர் முடிவெடுத்து, கணிதத்தை என்னிடம் ஒப்படைத்தார்கள். ஒப்புக்கொண்ட அன்றிரவு ஒரு மூவுறுப்புக் கோவையைக் காரணிப்படுத்திப் பார்த்தேன். கை சரியாகச் செய்தது. ஏன் அப்படிச் செய்கிறேன் என்று என்னையே கேட்டபோது வாயில் விடை வரவில்லை.

அந்த நிலையில் இருப்பவருக்கு எந்த நூல் உதவும் என்பதே இந்த மதிப்பீட்டின் கேள்வி. நான் பயன்படுத்தியவை இலங்கையின் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் 10ஆம், 11ஆம் தரக் கணிதப் பாடநூல்கள். பாடசாலை மாணவர்களுக்கு 1980ஆம் ஆண்டிலிருந்து இலவசமாக வழங்கப்பட்டுவரும் பாடநூல் வரிசையைச் சேர்ந்தவை இவை. பாடசாலைக்கு வெளியே இருப்பவர்கள் திணைக்களத்தின் இணையத்தளத்திலிருந்து செலவின்றித் தரவிறக்கிக்கொள்ளலாம். இங்கே ஓர் எச்சரிக்கை. முதலில் நான் ஒரு மாணவியின் பழைய புத்தகத்தை வாங்கி நகரத்துக் கடையொன்றில் போட்டோப்பிரதி எடுத்தேன். எழுத்துகள் தெளிவாகவே விழுந்திருந்தன; ஆனால் அடுக்குகளாக மேலே நிற்கும் சிறிய எண்கள் புள்ளிகளாகவும், சில இடங்களில் சய (கழித்தல்) அடையாளம் வெறும் தாளாகவும் மாறியிருந்தன. எண்களுக்குப் பதிலாக எழுத்துகளை வைத்துக் கணக்கிடும் அட்சரகணிதத்தில் ஒரு சயவைத் தொலைத்தால் அந்தக் கணக்கையே தொலைத்ததாகும். ஆகவே கோப்பை நேரடியாகத் தரவிறக்கி, அதிலிருந்தே அச்செடுப்பது நல்லது.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தனியார் வெளியீடான ஒரு வழிகாட்டி நூலையும் வாங்கினேன். அதில் நூற்றுக்கணக்கான கணக்குகளும் ஒவ்வொன்றுக்கும் படிமுறைகளும் இருந்தன. பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும் மாணவனுக்கு அது போதுமானதாக இருக்கக்கூடும். பல ஆண்டுகளுக்குப் பின் கற்பிக்கத் திரும்புபவருக்கோ அதனால் பயன் குறைவு. எனக்கு மறந்துபோனவை படிமுறைகள் அல்ல, அவற்றின் காரணங்கள். பாடநூல் பெரும்பாலும் ஒரு எளிய எண்ணுதாரணத்தில் தொடங்கி, அதே செயலை எழுத்துகளுக்குக் கொண்டுசெல்கிறது. அந்தக் கடத்தல் நிகழும் இடத்தில்தான் ஆசிரியருக்கு வேண்டிய விளக்கம் இருக்கிறது. வாசித்துக்கொண்டே போனால் அது கண்ணிற் படாது. பேனாவும் கொப்பியுமாக அமர்ந்து, உதாரணத்தின் விடையைக் கையால் மறைத்துவிட்டு, முதலில் நானே செய்து பார்த்து, பிறகு நூலின் வழியோடு ஒப்பிட்டபோதே அது பிடிபட்டது.

ஈருறுப்புக் கோவையின் வர்க்கத்தை எடுத்துக்கொள்வோம். எக்ஸ் சக (கூட்டல்) 3 என்பதை வர்க்கிக்கச் சொன்னால் பத்துப் பிள்ளைகளில் பலர் எக்ஸ் வர்க்கம் சக 9 என்றே எழுதுவார்கள். இடையிலுள்ள 6 எக்ஸ் காணாமற் போய்விடும். 10ஆம் தர நூலில் இந்தப் பாடத்தைச் செய்துகொண்டிருந்தபோது எங்கள் வளவின் மூலையிலிருந்த கத்தரிப் பாத்தி நினைவுக்கு வந்தது. எக்ஸ் அடிப் பக்கமுள்ள ஒரு சதுரப் பாத்தியின் அடுத்தடுத்த இரண்டு பக்கங்களிலும் மூன்று அடி அகலத்திற்கு நிலத்தைக் கூட்டினால், பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு நீண்ட கீற்றுகள் வரும். ஒவ்வொன்றும் 3 எக்ஸ். அவை இரண்டும் சந்திக்கும் மூலையில் ஒரு சிறு சதுரம் வெறுமையாக நிற்கும், அது 9. பிள்ளைகள் இருவரையும் மண்வெட்டியோடு நிறுத்தி இதைக் கீறிக் காட்டிய நாளுக்குப் பிறகு 6 எக்ஸ் ஒருபோதும் தொலையவில்லை.

இதே மூலைதான் 11ஆம் தரத்தில் வர்க்கப்பூர்த்தியாகத் திரும்பி வருகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி, எக்ஸ் வர்க்கம் சக 10 எக்ஸ் சமன் 39 என்ற சமன்பாட்டை இப்படியே சதுர நிலமாக வரைந்து தீர்த்தார்: 10 எக்ஸ் என்பதை 5 எக்ஸ் வீதம் இரண்டு கீற்றுகளாகப் பிரித்து, மூலையில் இல்லாத 25ஐ இருபுறமும் சேர்க்க, முழுச் சதுரம் 64 ஆகிறது, அதன் பக்கம் 8, ஆகவே எக்ஸ் 3. நிலத்திற்கு மறை நீளம் இல்லை என்பதால் அவருக்கு மற்றைய தீர்வு தோன்றவில்லை. பரீட்சையில் சய 13ஐயும் எழுதவேண்டும். படத்தால் விளக்கும் ஆசிரியர் இந்த இடத்தில் படத்தைக் கைவிட்டு, வர்க்கமூலத்திற்கு நேர், மறை என இரண்டு பெறுமானங்கள் உண்டென்பதற்கு வரவேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று கண்டுபிடித்திருந்தால் தடுமாறியிருப்பேன். முதல்நாள் இரவு கொப்பியில் கண்டுபிடித்ததால் தப்பினேன்.

தடுமாற்றங்களைப் பற்றிச் சொல்வதானால், என்னுடையவையே போதும். எக்ஸ் வர்க்கம் சமன் 5 எக்ஸ் என்ற கணக்கில் இருபுறத்தையும் எக்ஸால் வகுத்து விடை 5 என்று எழுதி, பூச்சியம் என்ற மற்றைய தீர்வைத் தூக்கியெறிந்தேன். அட்சரகணிதப் பின்னத்தில் எக்ஸ் சக 3 என்பதை 3ஆல் வகுக்கும்போது மேலும் கீழும் உள்ள மூன்றுகளை வெட்டினேன். எக்ஸுக்கு 6ஐப் பிரதியிட்டுப் பார்த்தபோது ஒன்பதை மூன்றால் வகுத்தால் வருவது மூன்றே தவிர ஆறு அல்ல என்று தெரிந்து வெட்கப்பட்டேன். சமனிலியை மறை எண்ணால் வகுக்கும்போது குறியைத் திருப்பவேண்டும் என்பது நினைவிலிருந்தது; ஏன் திருப்பவேண்டும் என்பதற்கு, கடன் கூடியவரே வறியவர் என்ற உதாரணத்தைத் தேடிப் பிடிக்க ஒரு மாலை முழுவதும் ஆனது. இவை எல்லாவற்றையும் திகதியோடு ஒரு தனிக் கொப்பியில் குறித்துவைத்தேன். பின்னர் அந்தப் பிள்ளைகள் இதே பிழைகளை ஏறக்குறைய இதே ஒழுங்கில் செய்தார்கள். பயிற்சிகளின் விடைகளை வேறு நூலில் தேடாமல், கிடைத்த பெறுமானத்தைச் சமன்பாட்டில் பிரதியிட்டுச் சரிபார்ப்பதை எனக்கு விதியாக வைத்துக்கொண்டதும் நல்லதாயிற்று. அதையே அவர்களுக்கும் பழக்கினேன்.

நான் எதிர்பார்க்காத இடத்தில் இந்த நூல்கள் செய்த பேருதவி, சொற்களின் விடயத்தில். பிள்ளைகள் இருவரும் தமிழில்தான் கணிதம் படித்தவர்கள். ஆயினும் முதல் நாள் நாங்கள் வேறு வேறு மொழி பேசுவதுபோல் இருந்தது. நான் அட்சரகணிதம் என்றேன், அவர்கள் இயற்கணிதம் என்றார்கள். என் குணகம் அவர்களுக்குக் கெழு. என் மறை எண் அவர்களுக்குக் குறை எண். என் படித்திறன் அவர்களுக்குச் சாய்வு. என் கேத்திரகணிதம் அவர்களுக்கு வடிவியல். பொ.ம.சி. (பொது மடங்குகளுள் சிறியது) என்று எழுதியதும் மகள் எழுதுவதை நிறுத்திவிட்டு, "மிஸ், இது மீச்சிறு பொது மடங்கா?" என்று கேட்டார். சக, சய என்று நான் வாசிக்க, அவர்கள் பிளஸ், மைனஸ் என்று எழுதினார்கள். பாடநூலின் இறுதியில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் கலைச்சொற்கள் தரப்பட்டுள்ளன. அந்தப் பட்டியலுக்கு அருகே நான்காவதாக ஒரு நிரலைக் கோடிட்டு, தமிழ்நாட்டுச் சொற்களை அவர்களையே எழுதவைத்தேன். வினாத்தாள் இலங்கைச் சொற்களில் வரும் என்பதால் அவற்றுக்கே பழகவேண்டும். ஆனால் அவர்கள் கொண்டுவந்த சொற்களைப் பிழை என்று வெட்டினால், அந்தச் சொற்களோடு ஒட்டியிருக்கும் விளக்கமும் வெட்டுப்படும். யூடியூபில் கிடைக்கும் தமிழ்க் கணிதப் பாடங்களை நம்பித் தயாராகும் வன்னி ஆசிரியர்களுக்கும் இது பொருந்தும்: காணொளி எந்தக் கரையிலிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லைப் பாவியுங்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. இந்நூல்கள் நாற்பது நிமிடப் பாடவேளையும் கரும்பலகையும் சக மாணவர்களும் உள்ள வகுப்பறையை மனதிற்கொண்டு எழுதப்பட்டவை. அட்சரகணிதம் தொடர்ச்சியாக வருவதில்லை. ஈருறுப்புக் கோவைகளுக்குப் பின் முக்கோணிகளின் ஒருங்கிசைவு, காரணிகளுக்குப் பின் மீண்டும் முக்கோணிகள், பிறகு விகிதசமன், பிறகுதான் கோவைகளின் பொது மடங்குகளும் பின்னங்களும் என்று இடைவிட்டு வருகின்றன. வகுப்பறையில் இந்த இடைவெளி ஓய்வாக அமையும். மறந்துபோனதை ஒரே மூச்சில் மீட்க விரும்புபவருக்கு அது இழையை அறுக்கிறது. நான் 10ஆம் தரத்தின் அட்சரகணித அலகுகளை மட்டும் பிரித்து அடுக்கி, ஒவ்வொன்றோடும் 11ஆம் தரத்தில் அதைத் தொடரும் அலகைச் சேர்த்துப் படித்தேன்: வர்க்கத்தோடு கனம், காரணிப்படுத்தலோடு வர்க்கப்பூர்த்தியும் சூத்திரமும், ஒருங்கமை சமன்பாடுகளோடு வரைபுகள். அதற்கும் முன்னர் 8ஆம் தர நூலில் அடைப்புக்குறிகளையும் மறை எண்களையும் இரண்டு நாள் செய்தேன். பெருமை பார்க்காமல் அங்கிருந்து தொடங்குமாறு எவருக்கும் சொல்வேன். அனைத்துக்கும் சேர்த்து, மாலைகளில் ஒன்றரை மணிநேரம் வீதம், ஏழு வாரங்கள் பிடித்தன.

வரைபுகளுக்கு மட்டும் நூல் போதாது. இருபடிச் சார்பின் குணகம் மாறும்போது வளையி எப்படி ஒடுங்குகிறது, எப்போது கவிழ்கிறது என்பதை அச்சுத்தாளில் காட்டமுடியாது. ஒஸ்திரியாவைச் சேர்ந்த மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் 2001ஆம் ஆண்டில் தொடங்கிய ஜியோஜீப்ரா என்ற இலவசச் செயலியைக் கைப்பேசியில் நிறுவிக்கொண்டால், அதன்பின் இணைப்பு இல்லாமலே இதைச் செய்யலாம். சமிக்ஞை வந்துபோகும் எங்கள் பக்கத்திற்கு அது பெரிய வசதி. ஆனாலும் பெறுமான அட்டவணையை நிரப்பி, வரைபுத்தாளில் புள்ளி குறித்து, கையால் வளையியை வரைந்த பின்னரே செயலியைத் திறக்கவிடுகிறேன். பரீட்சை மண்டபத்தில் கைப்பேசி இல்லை.

கடந்தகால வினாத்தாள்களை முதலிலேயே எடுக்கவேண்டாம். வினாத்தாள் ஒன்று இரண்டு மணிநேரம், வினாத்தாள் இரண்டு மூன்று மணிநேரம்; இரண்டாவதில் பகுதிக்கு ஐந்தாக மொத்தம் பத்து வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். வினாவைத் தெரிவுசெய்யும் பழக்கம் தனிப்பட்ட பரீட்சார்த்திகளுக்கு வீட்டில் தானாக வராது. ஆகவே நூலை முடித்த பிறகு, சனிக்கிழமைகளில் மணிக்கூட்டை வைத்துச் செய்விக்க எண்ணியிருக்கிறேன். நானும் அவர்களோடு அமர்ந்து எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன். யாருக்குக் கூடிய புள்ளி என்று பார்க்க அவர்களுடைய தாயார் ஆவலாக இருக்கிறார். எனக்கு அவ்வளவு ஆவல் இல்லை.

11ஆம் தர நூலில் தாயங்கள் (எண்களை நிரை நிரலாக அடுக்கும் அணிகள்) என்ற அலகு மட்டும் மிஞ்சியிருக்கிறது. இந்தச் சொல்லைக் கலைச்சொற் பட்டியலில் கண்ட நாளிலிருந்து, சோழி உருட்டும் விளையாட்டுக்குப் பரீட்சையில் எத்தனை புள்ளி என்று மகன் கேட்டுக்கொண்டிருக்கிறார். அடுத்த செவ்வாய்க்கிழமை தொடங்குகிறோம். அதற்குள் இரண்டு தாயங்களைப் பெருக்கும்போது ஒழுங்கை மாற்றினால் விடை ஏன் மாறுகிறது என்பதை நான் கொப்பியில் ஒருமுறை செய்து பார்த்துவிட வேண்டும்.